என்னோடு வண்டியில் வருகிற அஞ்சலை

1

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நன்றாக இருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் என் அண்ணன் ஏழுமலையை யாரோ வழியில் நிறுத்தி, "நார்வேல உன் தங்கச்சிக்கு மூளை டெஸ்ட் எடுத்தாங்களாமே, இன்னா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பதறிப்போய் எனக்கு ஃபோன் போட்டான். டெஸ்ட் எடுத்தது உண்மைதான். ஆனால் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கதை சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெர்கன் என்கிற ஊரில் நான் வேன் ஓட்டுகிறேன். சாதாரணப் பள்ளியில் சமாளிக்க முடியாத பிள்ளைகளுக்கென்று இங்கே தனிப்பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் காலையில் வீட்டு வாசலில் ஏற்றி, மதியம் அதே வாசலில் இறக்கிவிட வேண்டும். ஊர் முழுக்க மலையைச் சுற்றியே கட்டியிருக்கிறார்கள். வெள்ளிமலைக்கு ஏறுகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இங்கே பள்ளத்தின் அடியில் கடல் கிடக்கும். மழை மட்டும் நம் ஊரில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதை இங்கே ஒரு மாதத்தில் கொட்டித் தீர்க்கும்.

வண்டி ஓட்டும்போது நான் பேசுவேன். ஃபோனில் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. என்னிடம் நானே பேசுவேன். "ஏன்டி அவசரம்? வளைவு வருது, பாத்துக்கினு போ. மெதுவா, மெதுவா. அந்த சைக்கிள்காரன் மொதல்ல போவட்டும். ஆங், இப்ப திருப்பு." இப்படித்தான் காலை முழுக்க ஓடும். வாய் நின்றால் எனக்குக் கை நின்றுவிடும்.

இதை எனக்கு இங்கே யாரும் புதிதாகச் சொல்லித் தரவில்லை. ஆனால் டிரைவிங் பள்ளியில் இருந்த ஆள் ஒரு நாள், "ரோட்டில் என்னென்ன தெரிகிறதோ அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டு" என்றார். அப்படி ஒரு பயிற்சி முறை இங்கே உண்டு. நான் நார்வேஜியனில் திணறிக்கொண்டு லாரிக்குச் சொல்லைத் தேடுவதற்குள் லாரி தாண்டிப்போய்விட்டது. அவர் சிரித்து, "உன் பாஷையிலேயே சொல்" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக என் பேச்சுக்கு ஒரு அதிகாரி அனுமதி கொடுத்தார். ஊரில் இருந்தவரைக்கும் அதற்குக் கிடைத்ததெல்லாம் தலையில் கொட்டுதான்.

2

என் வேனில் இங்ரிட் என்று ஒரு பெண் வருகிறாள். எட்டு வயசு இருக்கும். எனக்கு நேர் பின்சீட்டு அவளுடையது, மாற்றி உட்கார்த்தினால் அன்றைக்குப் பள்ளிக்கூடமே அல்லோலகல்லோலம்தான். அவள் பேசமாட்டாள். வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுப்பாள், வேண்டாமென்றால் காதைப் பொத்திக்கொள்வாள். நானும் அவளுமாக ஒரு வருஷத்துக்கு மேல் நல்ல சிநேகிதமாகப் போய்வந்துகொண்டிருந்தோம்.

இந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா ஆபீசுக்கு எழுதிவிட்டார். டிரைவர் யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசுகிறார், பிள்ளை வீட்டுக்கு வந்து புரியாத சத்தங்களைப் போடுகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. அந்த அம்மாளை நான் குறை சொல்லமாட்டேன். என் பிள்ளையை ஒருத்தர் அப்படி ஏற்றிக்கொண்டு போனால் நானும்தான் பயப்படுவேன்.

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷன். என்னைக் கூப்பிட்டுக் காப்பி ஊற்றிக் கொடுத்து, மெதுவாகக் கேட்டார். "ஆன்யா, நீங்கள் வண்டியில் யாரிடம் பேசுகிறீர்கள்?" அஞ்சலை என்ற பெயர் இந்த ஊர் நாக்கில் ஏறாது. வந்த புதிதிலேயே ஆன்யா ஆக்கிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

அங்கேதான் கோளாறு. நம் ஊர்க்காரர்கள் செய்கிற காரியத்தை நான் செய்தேன், சங்கடமான கேள்விக்குக் கிண்டலாகப் பதில் சொன்னேன். "என்னோடு அஞ்சலை வருவாள். ஓட்டுவது ஆன்யா, திட்டுவது அஞ்சலை. அவள் இல்லாவிட்டால் நான் வண்டியையே எடுக்கமாட்டேன்" என்றேன். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொல்லியிருந்தால் கண்டக்டர் சிரித்துவிட்டு டிக்கெட் கிழித்திருப்பார். இவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். நான் சொன்னதை வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூளை நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்து, பிள்ளைகளை ஏற்றிப்போக இவள் தகுதியான ஆள்தான் என்று எழுதிக் கொடுக்கும்வரை நான் வண்டி எடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. டாக்டர் வேறு மாதிரி எழுதினால் இந்த வேலை மட்டுமில்லை, லைசென்ஸே போய்விடும். லைசென்ஸ் போனால் இந்த வயசில் எனக்கு யார் வேறு வேலை கொடுப்பார்கள்? அதைவிட, காலையில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் நான் என்ன செய்வேன்? அதுவரைக்கும் வேன்களைக் கழுவித் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். ஷெட்டில் தனியாக நின்று கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சுவரில் கேமரா இருந்தது.

3

வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னது இது முதல் தடவை இல்லை.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது. மரவள்ளியும் சோளமும் போட்டிருப்போம். காட்டுப்பன்றி இறங்கிவிடும் என்பதால் காட்டில் யாராவது காவல் இருக்கவேண்டும். பத்தாவது முடித்ததிலிருந்து அந்த வேலை என்னுடையது. நாளெல்லாம் பரண்மேல் தனியாக உட்கார்ந்திருப்பவள் என்ன செய்வாள்? பேச ஆரம்பித்தேன். காலையில் எழுந்தது முதல் நடந்ததையெல்லாம் எனக்கே சொல்வேன், நானே திட்டிக்கொள்வேன், நானே சமாதானம் செய்துகொள்வேன். அப்புறம் அந்தப் பழக்கம் பரணிலிருந்து இறங்கி வீட்டுக்கும் வந்துவிட்டது. காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்று அம்மா கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். கயிறு கட்டினதைப் பற்றியும் நான் பேசிக்கொண்டேதான் திரும்பி வந்தேன்.

இரண்டு வரன்கள் இதனாலேயே தட்டிப்போயின. மூன்றாவதாகச் சின்னசேலத்திலிருந்து ஒரு வீட்டார் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி, மெக்கானிக் படித்துவிட்டுக் கப்பல் பட்டறையில் வேலை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழுமலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இன்னா ஆனாலும் வாய மூடிக்கினு இரு. ஒரு மணி நேரந்தான். பாத்துட்டுப் போய்டுவாங்க. அப்பால நீ இன்னா வேணா பேசிக்க."

ஒரு மணி நேரம் என்னால் முடியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்கு உரிய பங்கு வேண்டும் என்று வடமாவட்டங்கள் முழுக்க சாலை மறியல். அவர்கள் அம்பாசிடர் காரில் வந்து இறங்கி, நாங்கள் பஜ்ஜியும் காப்பியும் கொடுத்து, நான் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போகிற நேரத்துக்குள் மறியல்காரர்கள் ரோட்டை அடைத்துவிட்டார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள்.

கார் டிரைவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "எந்தப் புண்ணியவான் வெட்டினானோ தெரியல, பெரிய மரங்க. ரெண்டு நாளைக்கு வண்டி அசையாது."

அந்த நேரம் பார்த்து ஏழுமலை அண்ணன் தோளில் கோடரியோடு வாசலில் வந்து நின்றான். உடம்பெல்லாம் புளிய இலை. என்னைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகமுடியாமல் மரத்தை வெட்டிப் போட்டது என் சொந்த அண்ணன். கோடரியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். காம்பு தலைக்கு மேலே தெரிந்தது.

ஒரு மணி நேரம் என்பது போய், இனி மறியல் முடிகிறவரைக்கும் நான் வாய் திறக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

4

டாக்டரிடம் நாள் கிடைப்பதற்குள் இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. குடும்ப டாக்டர் எழுதி, அது ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டரில் பதில் வந்து, அந்தப் பதிலைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மறந்துபோனதற்கு இன்னொரு ஆபீஸ். எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். எதுவும் சீக்கிரம் நடப்பதில்லை.

ஏழுமலை அண்ணன் ஃபோனில் மறுபடியும் அதையேதான் சொன்னான். "டாக்டரு முன்னாடி வாய மூடிக்கினு கம்முனு இரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." அவனுக்கு இப்போது தலையெல்லாம் நரைத்துவிட்டது, புத்திமதி மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் மகள் கயல் ஓஸ்லோவில் மனோதத்துவம் படிக்கிறாள். பள்ளிக்கூடப் பருவத்தில் இவளுக்கு என் பேச்சு பெரிய அவமானமாக இருந்தது. டிராமில் என் பக்கத்தில் உட்காரமாட்டாள். சிநேகிதிகள் வந்தால், "அம்மா, கொஞ்ச நேரம் பேசாம இரேன்" என்று கெஞ்சுவாள். இப்போது அதையே பாடமாகப் படித்துவிட்டு எனக்கு விளக்குகிறாள்.

"சின்னப் பிள்ளைங்க விளையாடும்போது சத்தமா தனக்குத்தானே பேசும்மா. அப்படிப் பேசித்தான் ஒரு வேலையைச் செய்யக் கத்துக்கும். வளர வளர அந்தப் பேச்சு மனசுக்குள்ள போயிடும். கஷ்டமான வேலை வந்தா சிலபேருக்குத் திரும்ப வெளிய வரும். அது வியாதி இல்ல. அதுலயும் நீ உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுற பாரு, அப்போ நீ வேற ஒருத்தருக்கு யோசனை சொல்ற மாதிரி ஆயிடுது. பதட்டம் குறையும். டாக்டர் முன்னாடி நீ தாராளமா பேசு."

இதை அவள் பாதித் தமிழிலும் பாதி நார்வேஜியனிலும் சொன்னாள். நான் சேர்த்துத் தமிழாக எழுதியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தபோது அடுப்படியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கிறோம் என்று நினைத்து முணுமுணுத்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நார்வேஜியன். தன்னிடம் தானே நார்வேஜியனில் பேசிக்கொள்கிறாள். என்னோடு தமிழ் பேசுகிறாள், தமிழ்ப் படம் பார்க்கிறாள், தோசை சுடுகிறாள். ஆனால் அவளுக்குள்ளே இருந்து அவளோடு பேசுகிறவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். உள்ளே யாரோ ஒருத்தி அவளோடு பேச இருக்கிறாளே, அது போதும், பாஷை எதுவாக இருந்தால் என்ன என்று தேற்றிக்கொண்டேன். முழுசாகத் தேறவில்லை.

5

நம் பக்கத்தில் ஒரு வழக்கம், எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்கப் போகிற வீட்டில், சம்மதம் சொல்கிறவரைக்கும் கை நனைக்க மாட்டார்கள். காப்பி, பலகாரம் சரி. இலை போட்டுச் சோறு தின்றுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். என்னைப் பற்றி முடிவுக்கு வராமல் சாப்பிட முடியாது, சாப்பிடாமல் இரண்டு நாள் இருக்கவும் முடியாது. முதல் நாள் பொரியும் வாழைப்பழமுமாக ஓட்டினார்கள். மறுநாள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டில் சமைத்து, பின்பக்கமாகப் பக்கத்து டெய்லர் வீட்டுக்கு எடுத்துப்போய், அங்கே இலை போட்டாள். டெய்லர் வீட்டில் தின்றால் சம்பந்தம் ஆகாதல்லவா. மாப்பிள்ளை, அவருடைய அப்பா, கார் டிரைவர் மூன்று பேரும் ஒன்றும் கேட்காமல் தின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இலை முன்னால் உட்கார்ந்து குழம்பை மோந்துபார்த்தார்.

"இது பொண்ணு வூட்டு கொழம்பு. வாசன நேத்துலருந்து எனக்குத் தெரியும். எனக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டார்.

அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார். வந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் கேட்டால் அம்மா சொன்னாள், படிப்பைக் கேட்டால் அண்ணன் சொன்னான். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையை ஆட்டினேன். கையில் மந்திரித்த கயிறு வேறு. இவர்கள் ஊமைப் பெண்ணை மறைத்து என் பிள்ளை தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். என் பேச்சை மறைக்கப்போய் எனக்குப் பேச்சே இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் நான் மாட்டுக்கொட்டகைக்குச் சாணி அள்ளப் போனேன். இரண்டு நாள் அடக்கி வைத்திருந்தது. யாருமில்லை என்று தெரிந்ததும் மடை உடைத்துக்கொண்டது.

"ஏன்டி அஞ்சல, இன்னும் எவ்ளோ நாளு இப்டி? அந்த மனுஷன் பாவம்டி, உன்னப் பாக்க வந்து வாழப்பழம் தின்னுக்கினு கெடக்கறாரு. மூஞ்சி நல்லாத்தான் கீது. கூச்சப்படறாரு. அவங்கம்மா பட்டினி. வயசானவங்க, எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்த அண்ணன் இருக்கறானே, சீட்டு வேணும், வேல வேணும்னு கேக்கறான், கேக்கட்டும், நாயந்தான். அதுக்குன்னு கூலிக்காரங்க குடிசைய அங்கங்க கொளுத்தனாங்களாமே, அது இன்னாடி நாயம்? அவங்க யாரு பங்க எடுத்துக்கினாங்க? இத இந்த வூட்ல ஒருத்தரும் பேசல. நீ பேசினா மட்டும் பைத்தியம்."

பின்னால் மாடு கத்தியது. திரும்பினேன். மாப்பிள்ளையின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. என் கையிலிருந்த சாணிக்கூடை விழுந்துவிட்டது. மூன்றாவது வரனும் போயிற்று என்று நினைத்தேன்.

"ஏம்மா, நல்லாத்தான பேசற?" என்றார். "ரெண்டு நாளா ஊமைன்னு நெனச்சிக்கினு எனக்குத் தூக்கமே இல்ல."

எனக்கு இப்போது நிஜமாகவே பேச்சு வரவில்லை.

"தனியா இருந்தா எப்பவும் இப்டித்தானா?"

"ஆமாங்க."

"அந்தக் குடிச விசயம் நீ சொன்னது சரி. எங்கூட்லயும் யாரும் பேசல." தூணில் சாய்ந்துகொண்டார். "பேசாத பொண்ண வெச்சிக்கினு நான் இன்னா பண்றது. எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது. உன் வூட்ல பழைய சோறு இருக்குதாடி?"

டி என்றார். நான் சாணிக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்து, பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு தின்றார். கை நனைத்துவிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். ஏழுமலை அண்ணன் எதிலும் முந்திக்கொள்கிற ஆள், இரண்டாவது கவளம் வாங்குவதற்குள் தேங்காய் பழம் வாங்க ஓடிவிட்டான், ரோடு அடைத்திருப்பதே மறந்துபோய்.

6

டாக்டருக்கு என்னைவிடப் பத்து இருபது வயசு குறைவு. நார்வேஜியனில்தான் பேசினோம். நான் தனியாகப் பேசுவது தமிழில் என்றதும், அப்படியானால் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டுமே என்று சொல்லி, ஃபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தார். யாழ்ப்பாணத்துக் குரல்.

"வணக்கம் அக்கா. நீங்கள் கதைக்கிற எல்லாத்தையும் நான் அப்பிடியே அவருக்குச் சொல்லுவன். விட்டுச் சொல்லுறதுக்கு எனக்கு அனுமதி இல்லை. விளங்குதே?"

விளங்கியது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் கேள்விகள். பேசும்போது பதில் வருகிறதா, வெளியிலிருந்து ஏதாவது குரல் கேட்கிறதா என்றார். இல்லை, நான் திட்டுவேன், நானே கேட்டுக்கொள்வேன், எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும் என்றேன். எழுதிக்கொண்டார். அப்புறம் பரீட்சை. காகிதத்தில் சிதறிக் கிடக்கிற எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கவேண்டும். அண்ணன் சொன்னபடி கம்மென்று போட்டேன். பாதியில் வழி தவறிவிட்டது. கலர் கட்டைகளை அடுக்கி, காட்டின படத்தைப் போலச் செய்யச் சொன்னார். தப்பு, மறுபடி தப்பு. அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. லைசென்ஸ் கையைவிட்டுப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் வாயை மூடியதால்தானே வினை.

"ஏன்டி அஞ்சல, இன்னாடி பண்ற?" என்று ஆரம்பித்தேன். ஃபோன் உடனே நார்வேஜியனில் சொன்னது. நான் நிறுத்தவில்லை. "செவப்பு மேல வரணும். அத எடுக்காத, அது பாதி வெள்ள. ஆங், அதுதான். திருப்பு. மெதுவா. இந்த டாக்டரு நல்ல புள்ளதான், பயப்படாத. காலைல அவசரத்துல கெளம்பி வந்துருக்காரு, சட்ட பட்டன மாத்திப் போட்டுக்கினு கீறாரு. பொண்டாட்டி ஊர்ல இல்லபோல. சரி, அந்தக் கட்டய வை."

ஃபோன் அதையும் விடாமல் சொன்னது. பட்டன் வரைக்கும், பொண்டாட்டி வரைக்கும். டாக்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். அதற்குள் நான் கட்டைகளை முடித்திருந்தேன். அந்தக் கோடு போடுகிற தாளை மறுபடி வேறொன்றாகக் கொடுத்தார். பேசிக்கொண்டே ஒரே இழுப்பில் முடித்தேன்.

கடைசியில் ஃபோனில் இருந்த பெண், "ஒரு விசயம் நான் டாக்டருக்கு விளங்கப்படுத்த வேணும் அக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் ஏதோ விளக்கினார். நான் என்னை டி போட்டுக் கூப்பிடுவதற்கு நார்வேஜியனில் சொல் இல்லை என்றும், பெண்களை உரிமையுள்ளவர்கள் மட்டும் அப்படிக் கூப்பிடுவார்கள், மற்றவர்கள் கூப்பிட்டால் சண்டை வரும் என்றும்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களை அப்படி யார் கூப்பிடுவார்கள்?"

அம்மா கூப்பிடுவாள், போய்விட்டாள். மாமியார் சாகிறவரைக்கும் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் டி போட்டுப் பேசியவர் இல்லை, வாங்க போங்க என்றுதான் பேசுவார், அவர் சுபாவம் அது. கயலுக்கு நான் அம்மா, ஆபீசில் ஆன்யா. "இந்த நாட்டில் அப்படிக் கூப்பிட யாருமில்லை. அதனால் நானே கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்றேன். அதை நார்வேஜியனிலேயே சொல்லியிருக்கலாம். தமிழில்தான் வந்தது. ஃபோனில் இருந்த பெண் அதையும் விடாமல் மொழிபெயர்த்தார்.

7

டாக்டர் எழுதிக் கொடுத்தார். இவருக்கு நோய் எதுவும் இல்லை, பேசிக்கொண்டே செய்யும்போது இவருடைய கவனம் கூடுகிறது, இவரைப் பேசாமல் ஓட்டச் சொல்லக் கூடாது என்று. கடைசி வரியை எனக்காகச் சேர்த்தார் என்று நினைக்கிறேன். சூப்பர்வைசர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அஞ்சலையும் வேலைக்கு வருகிறாரா?" என்றார். கிண்டல் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்.

கப்பல் பட்டறை வேலைக்காக என்னை இந்த ஊருக்குக் கூட்டிவந்த என் வீட்டுக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "உங்க பேச்சக் கேட்டுத்தான் எங்கம்மா சோறு தின்னாங்க. டாக்டர் சர்டிபிகேட்ட நம்பி நான் கட்டிக்கலியே" என்றார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு பேச்சு வருவது அபூர்வம்.

முதல் நாள் காலை இங்ரிட் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவளுடைய அம்மா குடை பிடித்துக்கொண்டு அவளைக் கூட்டிவந்தார். எனக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். பிள்ளையை ஏற்றிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"இவள் வீட்டில் மாடிப்படி இறங்கப் பயப்படுவாள். தூக்கிக்கொண்டுதான் இறங்குவேன். இப்போது தானே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இறங்குகிறாள். நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறாள் என்று ஆபீசில் சொன்னார்கள்." அவர் அந்தச் சொல்லைச் சொல்ல முயன்றார். "மெதூவா."

"நிதானமாக, என்று அர்த்தம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மழையில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான், நனைகிறீர்கள், உள்ளே போங்கள் என்றேன்.

ரொம்ப நாளைக்கப்புறம் உட்கார்ந்த சீட். எனக்குப் படபடப்பு. பெல்ட்டைப் போட்டால் மாட்டவில்லை, கியரைப் போட்டால் வண்டி உறுமியது, வைப்பருக்குப் பதிலாக வேறெதையோ தட்டினேன். நேரமாகிவிட்டது, அடுத்த வீட்டில் பிள்ளை நனைந்துகொண்டு நிற்கும். பழக்கம் விட்டுப்போனதால் பேச்சும் வரவில்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது.

"ஏன்டி அவசரம்?"

கண்ணாடியில் பார்த்தேன். இங்ரிட் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து ஏதாவது குரல் கேட்கிறதா என்று டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெல்ட்டை மறுபடி போட்டேன், மாட்டியது.

"அவசரம் ஒண்ணும் இல்லடி" என்றேன். "மெதுவாவே போலாம்."